உருவமும் எழுத்தும்



எல்லாம் வல்ல பரம்பொருளுக்கு உருவமும் இல்லை, பெயரும் இல்லை என்பர் ஆன்றோர். ஆயினும் ஆன்மாக்கள் கண்டும் கூப்பிட்டும் உய்ய வேண்டும் என்ற பெருங்கருணையினால் இறைவன் இரண்டையும் ஏற்றுக்கொண்டான். உருவம் கண்ணுக்கு, நாமம் நாவுக்கு. இதற்கு உதாரணம் தேடி ஊவா மாகாணத்து அடியார்கள் வெகு தூரம் போகவேண்டியதில்லை. கதிர்காமத்தில் மூலஸ்தானத்துத் திரை விலகுவதில்லை. திரைக்கு அப்பால் திருமேனி இல்லை, அறுகோண யந்திரமே இருக்கின்றது என்பது வழிவழி வந்த நம்பிக்கை. யந்திரம் என்பது கோடும் எழுத்துமே. அங்கு எழுத்தே மூர்த்தியாக நின்று அருள்பாலிக்கின்றது.

கதிர்காமத்துக்குப் போகும் வழியிலேயே இதற்கு நேர்மாறான ஒன்றையும் காணலாம். வெல்லவாயாவுக்கு அருகில் உள்ள புதுருவகல என்னும் இடத்தில் பெரும் பாறையொன்றில் ஏழு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. பௌத்த சகோதரர்களின் புனிதத் தலம் அது. நடுவில் நிற்கும் புத்தபெருமானின் உயரம் 51 அடி. இருபுறமும் மும்மூன்று உருவங்கள். ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்று கணிக்கின்றனர். ஒரு பக்கத்தில் அவலோகிதேஸ்வரரும் தாராதேவியும் நிற்பதில் பெரும்பாலானோர் உடன்படுகின்றனர். மறுபக்கத்தில் நிற்பவர்களுள் ஒருவரை விஷ்ணு என்று சிலரும், பிரமன் என்று சிலரும் சொல்கின்றனர். ஏன் இந்தத் தடுமாற்றம்? அந்தச் சிலைகளின் அருகே அவர்களின் பெயரைச் சொல்லும் எழுத்து ஒன்றும் இல்லை. செதுக்கியவர்களுக்கு ஐயம் இருந்திருக்காது. வணங்கியவர்களுக்கும் இருந்திருக்காது. எல்லோருக்கும் தெரிந்த பெயரை எதற்குக் கல்லில் எழுதுவது என்று விட்டிருப்பார்கள். தெரிந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், கல் நிற்கின்றது.

மாமல்லபுரத்திலும் இதே கதைதான். தோட்டப்புறங்களில் அருச்சுனன் தபசு ஆடிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெரும் பாறைச் சிற்பத்தைப் பார்த்ததும் விளங்கும் என்று தோன்றும். ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் செய்யும் ஒருவர், அருகே வரம் கொடுக்கும் சிவபெருமான், சுற்றிலும் தேவர்கள், யானைகள், வேடர்கள். தவம் செய்வது போலக் கைதூக்கி நிற்கும் பூனையும் அதன் காலடியில் எலிகளும் கூட உண்டு. பாசுபதம் பெற்ற அருச்சுனனே என்று ஒரு சாரார் சொல்கின்றனர். இல்லை, பாறையின் நடுவே பிளவு இருக்கின்றது, அதில் நாகர்கள் இருக்கின்றார்கள், அது கங்கை, எனவே தவம் செய்பவன் பகீரதன் என்று மற்றொரு சாரார் சொல்கின்றனர். நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த வாதம் தீரவில்லை. ஒரேயொரு சொல் அங்கே பொறிக்கப்பட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

பல்லவச் சிற்பிகளுக்கு எழுத்துப் பழக்கம் இல்லாமல் இல்லை. அதே ஊரில் தருமராச ரதம் எனப்படும் கோயிலில் உள்ள தெய்வ உருவங்களுக்கு மேலே கிரந்த எழுத்தில் பல சொற்கள் வெட்டப்பட்டுள்ளன. ஆவலோடு போய் வாசித்தால் அவை தெய்வங்களின் பெயர்கள் அல்ல, அரசனின் விருதுப் பெயர்கள்! காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் சிறு சிறு சன்னதிகளில் இராசசிம்ம பல்லவனின் பட்டப் பெயர்கள் இருநூறுக்கும் மேல் வரிசையாக உள்ளன. கோயில் மணியிலும் மின்விசிறியிலும் கதவிலும் உபயகாரர் பெயரை எழுதும் வழக்கத்தை இக்காலத்துக் கோளாறு என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஏழாம் நூற்றாண்டுக்கும் எட்டாம் நூற்றாண்டுக்குமே தெரிந்த காரியம். ஒரு வித்தியாசம் உண்டு. அரசர்கள் மலையைக் குடைந்தும் கற்றளி எழுப்பியும் விட்டுப் பெயரை எழுதினார்கள்.

இனி, எழுத்தும் உருவமும் முறையாகச் சேர்ந்த இடத்துக்கு வருவோம். கும்பகோணத்துக்கு அருகே தாராசுரம் என்னும் ஊரில் ஐராவதேசுவரர் ஆலயம் உள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரண்டாம் இராசராச சோழன் எழுப்பியது. 2004ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அவனுடைய தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில்தான் சேக்கிழார் பெருமான் பெரிய புராணம் பாடினார் என்பர். அந்த நூல் அரங்கேறிச் சில பத்து ஆண்டுகளுக்குள்ளேயே அதிலுள்ள நாயன்மார் சரிதங்கள் இவ்வாலயத்தின் கல்லில் ஏறிவிட்டன.

அவை எங்கே இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். கோபுர உச்சியில் அல்ல, தூணின் தலைப்பில் அல்ல. கருவறைச் சுவரைச் சுற்றி அடித்தளத்தில், சிறு சிறு கட்டங்களாக இருக்கின்றன. அண்ணாந்து பார்ப்பவருக்கு அவை தென்படா. தலையைத் தாழ்த்திப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சரிதம். அதன் மேலே தமிழில் அந்த அடியாரின் பெயர். சில பெயர்களின் பின்னே ஆண்டார் என்ற மரியாதைச் சொல்லும் வருகின்றது. கல்லின் அளவு எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அரச குலத்தில் பிறந்த நாயனாருக்குப் பெரிய கட்டம், திருநீலகண்டக் குயவனாருக்குச் சிறிய கட்டம் என்ற பேதம் இல்லை. வலை வீசிய அதிபத்தர், துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டர், வேட்டையாடிய கண்ணப்பர், தில்லைக்கு நாளைப் போவேன் என்று ஏங்கிக் கிடந்த திருநாளைப்போவார் எல்லோரும் இந்த அறுபத்துமூவர் வரிசையில் உள்ளவர்கள்தாம்.

எழுத்து இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? கண்ணை இடந்து அப்பும் கண்ணப்பரைக் குழந்தையும் அறியும். ஆனால் அறுபத்துமூவரில் எத்தனை பேரை அப்படி அறிய முடியும்? கைகூப்பி நிற்கும் அடியார் ஒருவரைப் போலவே மற்றவரும் இருக்கின்றார். சிவனடியாருக்கு அமுது படைப்பவர் பலர். வாள் ஏந்தியவர் பலர். பெரிய சரிதம் உள்ளவர் தப்பிக்கொள்வார், சிறிய சரிதம் உள்ளவர் கூட்டத்தில் கரைந்துவிடுவார். இரண்டே வரியில் வரலாறு முடிந்துவிடும் நாயன்மாருக்குத்தான் அந்தப் பெயர் எழுத்து மிகவும் தேவைப்பட்டது. கற்பவனுக்குப் பாடமாக, வலம் வருபவனுக்கு வழிபாடாக, ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே சுற்றி வரலாம். பல்லவர் கோயிலில் உருவத்துக்கு மேலே அரசன் பெயர் இருந்தது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழித்து இங்கே உருவத்துக்கு மேலே தொண்டரின் பெயர் வந்தது. அரசன் செலவு செய்து, குயவரின் பெயரையும் மீனவரின் பெயரையும் வெட்டுவித்தான்.

அதே ஆலயத்துச் சிற்பங்களில் சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்கு இறைவன் ஓலை காட்டிய நிகழ்ச்சியும் உண்டு. அதுவே ஓர் எழுத்தின் கதையல்லவா! புத்தூரில் மணப்பந்தலில் கிழவேதியராக வந்த பெருமான், இவன் என் அடிமை, இதோ ஆள் ஓலை என்றார். நம்பியாரூரர் அதைப் பறித்துக் கிழித்தெறிந்தார். கிழிந்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கின்றது என்று சொல்லி வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குக் கொண்டுபோனார் கிழவர். பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையுடன் ஒப்பிட்டுப் பார்த்துச் சபையார் தீர்ப்பளித்தனர். மூலப் பிரதியை ஒரு கோவையிலும் நகலை மற்றொரு கோவையிலும் வைக்கும் கச்சேரி நடைமுறை எவ்வளவு பழையது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஓலை ஒருவரை அடிமை என்று எழுதியது, அவரோ அதனாலேயே விடுதலை பெற்றார்.

தோட்டத்து மக்களின் முன்னோர்களுக்கும் ஓர் ஓலை இருந்தது. துண்டு என்று அதற்குப் பெயர். கங்காணியும் அவருடைய ஆட்களும் பட்ட கடன் இவ்வளவு, அதைக் கட்டுகின்ற தோட்டத்துக்கு ஆட்களை விடலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் கடதாசி. ஆட்களின் பெயர் அதில் முக்கியமல்ல, தொகையே முக்கியம். 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் துண்டு முறை ஒழிந்தது. கடல் கடந்து வரும்போது தோட்டத்தின் குறியும் இலக்கமும் அடித்த தகரத் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தவர்களும் அவர்களே. மலையில் பேர் என்ற சொல்லுக்கே பொருள் மாறிப்போனது. செக்ரோலில் பேர் விழுந்தால் அன்றைய சம்பளம் உண்டு. கொழுந்து குறைந்தால் அரைப் பேர். மனிதனின் பெயரைப் பாதியாக வெட்டி எழுதும் கணக்கு வேறு எந்த நாட்டில் உண்டோ தெரியவில்லை.

பின்னர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் எத்தனையோ குடும்பங்களை இரண்டாகப் பிரித்தது. எஞ்சியோரின் நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெருமளவுக்குச் சீரானது. பிறப்புப் பதிவில் ஒரு பெயர், தோட்டப் பதிவில் வேறொரு பெயர் என்று அலைந்த குடும்பங்களுக்கு எழுத்தின் அருமையை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்கள் தாராசுரத்து அடித்தளத்தின் முன்னே நின்றால், உழைத்துப் பிழைத்த ஒருவரின் பெயர் முழுப் பேராக எண்ணூற்றைம்பது ஆண்டுகளாகக் கல்லில் இருப்பதைக் காண்பார்கள்.

கல்லில் உருவமும் பெயரும் சேர்ந்திருந்ததால் தாராசுரத்தில் இரண்டும் பிழைத்தன. தஞ்சையில் அப்படி நடக்கவில்லை. பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட திருமேனிகள் வைக்கப்பட்டதாகக் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. மன்னன் மட்டுமல்ல, அவனுடைய தமக்கையார் குந்தவைப் பிராட்டியார், தேவியர், அதிகாரிகள் எனப் பலரும் செய்தளித்தவை. கோயிலின் ஸ்ரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியன் என்னும் அதிகாரி, நாயன்மார் படிமங்களைச் செய்து வைத்தார். சிறுத்தொண்டரும் அவர் மனைவி திருவெண்காட்டு நங்கையும் பிள்ளை சீராளதேவரும் அவற்றுள் அடங்குவர். கல்வெட்டைப் பார்த்தால் நல்ல பொருட்பதிவேடு தோற்றுப்போகும். பாதம் முதல் உச்சி வரை எத்தனை முழம், எத்தனை விரல், எந்த முழக்கோலால் அளந்தது, எத்தனை கை, பீடம் எப்படி, நகை எத்தனை, எடை எவ்வளவு என்று ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கின்றனர். இன்று அந்தத் திருமேனிகளில் மிகப் பெரும்பாலானவை இல்லை. எழுத்து மட்டும் சுவரில் இருக்கின்றது. அதனால்தான் சிறுத்தொண்டர் குடும்பத்தோடு அங்கே எழுந்தருளியிருந்தார் என்பதை இன்றும் சொல்ல முடிகின்றது.

பொலன்னறுவையில் இதற்கு மறுதலை. அங்கே சிவாலயங்களின் இடிபாடுகளிலிருந்து 1907, 1908ஆம் ஆண்டுகளில் அழகிய செப்புத் திருமேனிகள் தோண்டியெடுக்கப்பட்டன. கொழும்பு நூதனசாலைக்குப் போகின்றவர்கள் நடராசப் பெருமானையும் நாயன்மாரையும் அங்கே தரிசிக்கலாம். சேர். பொன். அருணாசலம் அவற்றைப் பற்றி எழுதினார். மெலிந்த உடலையும் கையில் தாளத்தையும் கொண்டு இவர் காரைக்காலம்மையார், ஏட்டைக் கொண்டு இவர் மாணிக்கவாசகர் என்று அடையாளம் காண வேண்டியிருந்தது. சம்பந்தப் பிள்ளையாரா, குழந்தைக் கண்ணனா என்று மயங்கும் படிமங்கள் சோழர் காலத்தில் பல உண்டு. செய்தவர் யார், கொடுத்தவர் யார் என்பதைச் சொல்ல அவற்றில் எழுத்து இல்லை. அதே பொலன்னறுவையில் இரண்டாம் சிவ தேவாலயம் என்று இலக்கமிட்டு அழைக்கப்படும் கற்கோயிலுக்கு வானவன்மாதேவி ஈசுவரம் என்ற சொந்தப் பெயர் திரும்பக் கிடைத்தது. சுவரிலுள்ள தமிழ்ச் சாசனம் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது.

எழுத்துத் தெரியாதவர்களுக்கு என்ன வழி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் வாசிக்கத் தெரிந்தவர் மிகச் சிலரே. அவர்களுக்காக எழுத்துக்குத் துணையாக உருவத்தை வைத்தார்கள். பதுளைத் தூண் சாசனம் என்பதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். மகியங்கனைப் பக்கம் சொரபொர வாவிக்கு அருகே கிடைத்துப் பின்னர் பதுளைக்குக் கொண்டுவரப்பட்டது. நான்காம் உதயன் என்னும் மன்னன் பத்தாம் நூற்றாண்டில் சிங்கள மொழியில் வெட்டுவித்தது. ஹோபிட்டிகம என்ற சந்தையில் அதிகாரிகள் முறைகேடாக வசூல் செய்கின்றனர் என்று வணிகரும் மக்களும் முறையிட, மன்னன் விதித்த ஒழுங்குகள் அதில் உள்ளன. அக்காலத்து இத்தகைய தூண்கள் பலவற்றில் சூரியன், சந்திரன், காகம், நாய் ஆகிய உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கும். சூரிய சந்திரர் உள்ளவரை இக்கட்டளை நிற்கும், மீறியவன் காகமாகவும் நாயாகவும் பிறப்பான் என்பது பொருள். தமிழ் நாட்டிலும் சிவாலய நிலத்தின் எல்லையில் சூலம் பொறித்த கல்லை நட்டார்கள். வாசிக்கத் தெரியாத உழவனும் சூலத்தைக் கண்டால் இது சிவன் சொத்து என்று ஒதுங்கி நடப்பான்.

நாய் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. இறந்த வீரனின் உருவம், அவனுக்கு அருகே ஒரு நாயின் உருவம். நாயின் பெயர் கோவிவன் என்று வட்டெழுத்தில் வெட்டியிருக்கின்றார்கள். காவல் காத்து நின்ற நாய். 1,400 ஆண்டுகள் ஆகியும் அதன் பெயர் இருக்கின்றது.

நமது மலைகளிலும் கற்கள் இருக்கின்றன. மரத்தடியில் மஞ்சள் பூசிய கல், தேயிலை மலைக் கோடியில் கவ்வாத்துச் சாமி, பழைய தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ரோதைமுனி, ஆற்றோரத்தில் முனியாண்டி, மாடசாமி. சிலவற்றுக்கு உருவமே இல்லை, எழுத்தும் இல்லை. காடு வெட்ட வந்தவர்கள் நட்டு, சூடம் கொளுத்தி, வேலைக்கு இறங்கினார்கள். எந்தக் கல் எந்தச் சாமி, எந்த லயத்தார் முதலில் பொங்கல் வைத்தார்கள், எந்த ஊரிலிருந்து பிடிமண் வந்தது என்பதெல்லாம் வயதானவர்களின் வாயில்தான் இருக்கின்றது. அவர்கள் ஒவ்வொருவராகச் சிவபதம் அடைகின்றார்கள். பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலும் அரபு நாடுகளிலும் இருக்கின்றார்கள். பழைய சுதைச் சிலைகளை எடுத்துவிட்டுத் தமிழ் நாட்டிலிருந்து கருங்கல் திருமேனிகளைத் தருவித்துக் கும்பாபிஷேகம் செய்வது நல்ல கைங்கரியமே. ஆனால் எடுக்கப்பட்ட சுதைச் சிலை எந்த ஆண்டில் வைத்தது, வண்ணம் தீட்டியவர் யார் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. புதிய பளிங்குப் பலகையில் பெருந்தொகை தந்தவரின் பெயர் பொன்னெழுத்தில் இருக்கும். சம்பளத்தில் பிடித்துக் கொடுத்த சந்தாக்காரர்களின் பெயர், பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டையோடு கறையானுக்குப் போய்விடும்.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒவ்வொரு கல்லுக்கும் அருகே, பீடத்தில் அல்ல, எண்ணெயும் அபிஷேக நீரும் படாத இடத்தில், சாமியின் பெயரும் தெரிந்த ஆண்டும் தெரிந்த பெயர்களும் வெட்டிய சிறு பலகை ஒன்று போதும். பெயின்ற் பத்து ஆண்டில் உதிர்ந்துவிடும், ஆகவே உளியால் வெட்ட வேண்டும். சுவரில் ஏற்கனவே பழைய எழுத்து இருந்தால் அதன்மேல் சீமெந்து பூசக் கூடாது, ஓடு பதிக்கக் கூடாது. தமிழகக் கோயில்களில் மணலை வீசியடித்துச் சுவரைச் சுத்தம் செய்யப் போய் எத்தனையோ கல்வெட்டுக்கள் தேய்ந்துபோயின. ஆலயப் பதிவேட்டில் ஒவ்வொரு திருமேனிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். உயரம் இவ்வளவு, கை இத்தனை, வந்த நாள் இது, செய்தவர் இவர், இடப்புறம் நிற்பவர் இன்னார் என்று ஆதித்தன் சூரியன் எழுதியது போலவே எழுதலாம். ஆடித் திருவிழாவுக்குப் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது, ஒரு பாட்டியை மரத்தடிக்கு அழைத்துப்போய், இந்தக் கல் யார், அந்தக் கல் யார் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளச் சொல்லலாம். சங்கிலிக் கறுப்பனையும் முனியையும் பிரித்தறியக்கூடியவர் சில தோட்டங்களில் இப்போது ஒருவரோ இருவரோதான் இருக்கின்றனர்.